மிச்சம் எங்க?

முதல் நாள் அவர் கேட்ட கேள்வியைத் திருட்டுப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அமீரகத்தின் கிழக்குக் கரையில், புஜைராவில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கொட்டகைகள் இருக்கும். படகு எஞ்சின் பார்க்கிற இடங்கள். அதில் ஒன்றில் எனக்கு ஹெல்ப்பர் வேலை. அதற்கு முன் ஜெபல் அலியில் கோடவுனில் பெட்டி தூக்கினேன், முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதுக்கோட்டைக்கு உள்ளே, கண்மாய் நிறைந்தால் ஊரே போய் நின்று வேடிக்கை பார்க்கிற பூமி என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன், அதற்குப் பிறகு எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. சொல்லிக்கொண்டு கிளம்புகிற பழக்கமும் கிடையாது. ஒருநாள் காலையில் என் பாய் சுருட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அன்று அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் முன்னால் குந்தியிருந்தார். தட்டில் கறுப்பு ரப்பர் துண்டுகள். நான் பையைக் கீழே வைத்ததும் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“மிச்சம் எங்க?”

“நான் எதையும் எடுக்கல தம்பி. இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன்.”

“உங்களக் கேக்கேல்லை அண்ணை.” பக்கத்தில் ஸ்டாண்டில் தொங்கிய எஞ்சினைக் கைகாட்டினார். “இதைக் கேட்டனான்.”

அவர்தான் அங்கே மெக்கானிக், மன்னார்ப் பக்கத்து ஆள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பேரை எழுதப் போவதில்லை. இப்போது எந்த நாட்டில், எந்த விசாவில் இருக்கிறார் என்று தெரியாது. தெரியாத ஆளின் பேரை எழுதி வைப்பது அவருக்கு நல்லதில்லை.

தட்டில் இருந்தது எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றுகிற சக்கரம். உள்ளங்கை அளவு ரப்பர்ப் பூ, ஆறு இதழ். இம்பெல்லர் என்பார்கள். படகின் பின்னால் தொங்குகிற எஞ்சினின் கால் கடலுக்குள் இருக்கும். அந்தக் காலுக்குள் இந்தப் பூ சுற்றும். சுற்றினால் கடல் தண்ணீர் மேலே ஏறி, எஞ்சினைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு இறங்கும். அதில் கொஞ்சம், பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே பீச்சும். அந்தப் பீச்சலுக்குக் கொட்டகை வரிசை முழுக்க, எல்லா பாஷையிலும் ஒரே பேர்தான்: மூத்திரம். படகைத் தள்ளியதும் முதல் விசாரிப்பு “மூத்திரம் போகுதா?” என்பதுதான். அது நின்றால் எஞ்சின் காயும். காய்ந்தால் நீளமாக ஒரு கூவல் கூவும், பிறகு தானாகவே வலுவை விட்டுவிடும். எவ்வளவு முறுக்கினாலும் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது.

பக்கத்துக் கொட்டகைகளில் இதற்கு வைத்தியம் ஒரு மணி நேரம். காலைக் கழற்று, கிழிந்த பூவைத் தூக்கி எறி, புதுசைப் போடு, ஹலாஸ். இவர் தூக்கி எறிய மாட்டார். பழையதைத் தட்டில் வைத்து, கிழிந்து கிடக்கிற துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தந்த இதழில் ஒட்ட வைத்துப் பார்ப்பார். அரை விரல்நகம் அளவு குறைந்தாலும் கேள்வி வந்துவிடும். மிச்சம் எங்க?

“வெளிய போகாட்டி உள்ளதான் இருக்கு அண்ணை. தண்ணியோட ஏறிப் போய் எங்கயோ மடிஞ்சு படுத்திருக்கும். இண்டைக்கு ஒண்டும் செய்யாது. ஒருநாள் எழும்பி வந்து வழியை அடைக்கும். அண்டைக்கு ஆள் நடுக்கடலில நிப்பான்.”

அதற்குப் பிறகு கம்பி, டார்ச், ஊசி முனைத் தண்ணீர். குழாய் குழாயாகத் தேடுவார். எங்கள் முதலாளி, அர்பாப், அறுபது வயது. வாசலில் காரை நிறுத்தி இறங்காமலே சத்தம் போடுவார்.

“யல்லா! ஹலாஸ்?”

“மாஃபி ஹலாஸ், அர்பாப். வாஹித் நஃபர் மாஃபி.”

முடியவில்லை, ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம். நஃபர் என்பது மனுஷனைச் சொல்வது. கம்பெனி பஸ்ஸில் ஆள் எண்ணும்போது, கேம்ப் சாப்பாட்டுக்குத் தலை எண்ணும்போது சொல்கிற சொல். இவர் அதை ரப்பருக்குச் சொல்வார். அர்பாப் ஸ்டீரிங்கில் தலையை இடித்துக்கொள்வார். எல்லாத் துண்டும் கிடைத்துத் தட்டில் பூ முழுசானதும் இவரே போன் போட்டுச் சொல்வார்: “அர்பாப், குல்லு நஃபர் மவ்ஜூத்.” எல்லா ஆளும் இருக்கிறார்கள்.

பிறகு அந்தத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி அதிலேயே மத்தியானச் சோறு போட்டுச் சாப்பிடுவார். வேறு தட்டு இருந்தது. ஏன் அதிலேயே என்று கேட்டால், “முழுசாத் தெரியிற தட்டு இதுதான்,” என்பார். புரிந்ததில்லை.

ரூமில் எட்டுப் பேர். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழம்பை இறக்கியதும் அவர் கண் ஒருமுறை சுற்றி வரும். வாய் அசையாது, ஆனால் எண்ணுகிறார் என்று தெரியும். யாராவது இல்லாவிட்டால் குழம்பில் கை வைக்க மாட்டார். இதைவிடத் தொல்லை, அவரிடம் கதை சொல்வது. ஊரில் தன் அண்ணன் மச்சானோடு வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கியதை ஒரு பெரம்பலூர்க் கொத்தனார் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பெறகு?” இது நாங்கள்.

“பெறகென்ன, எனக்கு விசா வந்துச்சு, நான் கெளம்பிட்டேன்.”

“தூக்கின மம்பெட்டி?” இது அவர்.

“என்னங்க?”

“தூக்கினவர் எல்லோ. இறக்கினாரோ, போட்டாரோ? மிச்சம் எங்க?”

“யோவ், அதெல்லாம் எனக்கெப்படி தெரியும்!”

“வீட்டுக்கு எடுத்துக் கேளும்.”

மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டான். மண்வெட்டியைத் தூக்கிய அண்ணன் அதே கையால் அதை மச்சானிடம் கொடுத்து, நீயே வரப்பை வெட்டிக்கொள் என்று சொல்லிவிட்டானாம். இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். கொத்தனாருக்கே அது அன்றுதான் தெரியும். அன்று முழுக்க அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

அதே கொத்தனார் ஆறு மாசம் கழித்து ஒருநாள் காலை காணாமல் போனான். பெட்டியும் இல்லை. கம்பெனியை விட்டு ஓடியவனைத் தேடக் கூடாது என்பது ரூம் மரியாதை. தேடினால் அவனுக்குத்தான் ஆபத்து. எல்லோரும் விட்டுவிட்டோம். இவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் யார் யாரிடமோ விசாரித்து, ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மலைகளைக் கடந்து துபாய், அங்கிருந்து ஜெபல் அலி. நான் பெட்டி தூக்கிய அதே கோடவுன் வரிசை. வெயிலில் கன்டெய்னர் சந்துகளில் நடந்து, ஒரு கேம்ப் வாசலில் கொத்தனாரைக் கண்டோம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஈரச் சட்டையோடு ஓடத் தயாரானான்.

“புடிச்சுக் குடுக்க வந்தீங்களா? என்னங்க பாவம் செஞ்சேன் ஒங்களுக்கு?”

இவர் பத்தடி தள்ளியே நின்றார். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

“ம். இருக்கிறீர்,” என்றார்.

திரும்பி நடந்துவிட்டார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புஜைரா வரும்வரை நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இப்படியும் ஒருத்தன் தேடி வருவான் என்றால் ஓடிப்போவதில் என்ன சுகம் இருக்கிறது என்று தோன்றியது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இனி என் தப்பு.

கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். எஞ்சினின் காலில் தண்ணீர் இழுக்கிற இடத்தில் இரண்டு ரப்பர்க் கிண்ணத்தைக் காது மாதிரி கவ்வ வைத்து, அதில் ஹோஸைச் சொருகி, பத்து நிமிஷம் ஓடவிடணும். அது என் வேலை. விடியற்காலை வேலை. அந்த ஆகஸ்டில் ரூமில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. வந்தாலும் மாடித் தொட்டித் தண்ணீரில் முட்டை வேகும். கொட்டகையில் மட்டும் தரைக்கடியில் தொட்டி; ஹோஸில் வருகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். இரண்டு நாள் வேர்வை உடம்பில் உப்பாகக் கரித்தது.

அர்பாப்பின் சொந்தப் படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹோஸை ரப்பர்க் காதிலிருந்து உருவி என் தலையில் பிடித்தேன். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தேன். பிறகு சோப்பு ஞாபகம் வந்தது. சோப்பு கண்ணில் போனது. அந்தக் குளிரில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கையில், நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. எஞ்சின் சத்தம் எங்கோ தூரத்தில் யாரோ மாவாட்டுகிற மாதிரி கேட்டது. சத்தம் மாறியதும் கண்ணைத் திறந்தேன். ரப்பர் கருகுகிற வாசனை. அவசரமாக ஹோஸைச் சொருகினேன். மூத்திரம் முதலில் நூல் மாதிரி வந்தது, பிறகு தடித்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். பார்க்க நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் அதுவரை என் காலம் ஓடியிருந்தது.

அதில் ஒரு சிக்கல். அந்த எஞ்சின் அதற்கு முந்தின வாரம்தான் காய்ந்து நின்று, இவர் புதுப் பூ போட்டு, பழையதன் ஆறு இதழையும் கணக்குக் காட்டி, குல்லு நஃபர் மவ்ஜூத் சொல்லியிருந்தார். அர்பாப் அன்றே சொல்லிவிட்டார்: இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட பிறகும் ஒருமுறை நின்றால், நீயும் உன் தட்டும் கொழும்பு விமானத்தில்.

அன்று காலையிலேயே அர்பாப் கடலுக்குப் போக வந்துவிட்டார். கர்கூர் எடுக்க வேண்டும் என்றார். கவிழ்த்த கூடை மாதிரி கம்பி வலைப் பொறி, கடலடியில் போட்டு வைப்பார்கள். எஞ்சினை நம்பாமல் இவரையும், கயிறு இழுக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்.

புஜைராவுக்கு வெளியே கடலில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். எண்ணி முடியாது. அன்று காற்றே இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே வெளுப்பு; இரண்டும் சேர்கிற கோடு அழிந்து போயிருந்தது. கப்பல்கள் அந்த வெளுப்பில் அந்தரத்தில் தொங்கின. சிலது தலைகீழாகவும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மலைகளும் கரைந்துகொண்டிருந்தன. நாங்கள் ஓடுகிறோமா நிற்கிறோமா என்றே எனக்குச் சந்தேகம். அப்போதுதான் எஞ்சின் கூவியது. படகு முன்னால் குனிந்து, பெருமூச்சு விட்ட மாதிரி வேகத்தை விட்டது.

“மூத்திரம்?” என்றார் அர்பாப், தமிழிலேயே. எங்களிடமிருந்து அவர் கற்ற ஒரே சொல்.

துவாரத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. கை வைத்தேன், சுட்டது.

இவர் எஞ்சினை அணைத்தார். அவசரமே இல்லை. தொங்கிக் குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டு, தண்ணீர் இழுக்கிற வலையைத் தடவினார். பிளாஸ்டிக் பை இல்லை, ஜெல்லி மீன் இல்லை. மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்தினார். அடைப்பு இல்லை. மூடியைக் கழற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்தார். சூடானால் திறந்து தண்ணீருக்கு வழிவிடுகிற சின்ன வால்வு. அதுவும் சுத்தம். ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடி கூவல்.

அர்பாப் போனை எடுத்தார். வெயிலில் கிடந்த போனும் காய்ந்து அணைந்திருந்தது. அதை இரைக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியில், மீன்களுக்கு நடுவில் படுக்க வைத்தார். என் போன் கொட்டகையில் சார்ஜில். இவர் கடலுக்குப் போன் கொண்டுவருவதில்லை.

நீரோட்டம் எங்களை மெதுவாக வெளியே இழுத்தது. ஒரு கப்பலின் துருப்பிடித்த பக்கம் வீதி நீளத்துக்குக் கடந்து போனது. மேலே யாருமே இல்லை.

இவர் உட்கார்ந்து யோசித்தார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று. பயம்தான், ஆனால் கடலைப் பார்த்து வந்த பயம் இல்லை.

“புதுப் பூ அண்ணை. என்ர கையால போட்டது. பழசில ஒரு துண்டும் விடேல்லை. எல்லாம் இருந்தது.” திரும்பச் சொன்னார், “எல்லாம் இருந்தது. பிறகு எப்பிடி?”

நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“எங்கயோ ஒண்டு எனக்குத் தெரியேல்லை.”

பிறகு ஸ்பானரை எடுத்தார். எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து, படகின் பின்பலகையில் வயிற்றை அழுத்திக் குப்புறத் தொங்கி, காலின் போல்ட்டுகளைத் திறக்க ஆரம்பித்தார். கால் என்றால் இரும்பு, பிரொப்பெல்லரோடு சேர்த்துக் கனம். கரையில் ஸ்டாண்டில் வைத்து இரண்டு பேர் பிடித்துக் கழற்றுவது. இங்கே ஒரு கை வழுக்கினால் அது நேரே கடலடிக்குப் போகும். பிறகு நாங்கள் வெறும் தொட்டி. வேண்டாம், பைத்தியமா உனக்கு என்று அர்பாப் எழுந்துவிட்டார்.

“லா! லா! மஜ்னூன்!”

“தம்பி, வேணாம். உள்ள பாத்து இப்ப என்ன பண்ணப்போற? மாத்த பூவா இருக்கு?”

“பூ இல்லை. ஆனா தெரியாமல் எப்பிடி இருக்கிறது?” முதல் போல்ட் கையில் வந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டார். இரண்டாவது. பற்களுக்கு நடுவிலிருந்து பேசினார். “எங்கட வீட்டில அஞ்சு பேர் அண்ணை. நாலு பேர் எங்க எண்டு தெரியும். மூண்டு பேர் குழியில, நான் இங்க.”

அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாவது போல்ட் திரும்ப ஆரம்பித்தது. எஞ்சினின் கால் லேசாக ஆடியது.

“நான்தான்,” என்றேன்.

ஸ்பானர் நின்றது.

“காலைல ஹோஸ எடுத்துக் குளிச்சேன். எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. ரப்பர் கருகுன வாசன வந்துச்சு. சொல்லல.”

அவர் மெதுவாக நிமிர்ந்தார். வாயில் இரண்டு போல்ட். அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“எவ்வளவு நேரம்?”

“சோப்புப் போட்டுக் கழுவுற நேரம்.”

“தலைக்குமோ?”

“தலைக்குந்தான்.”

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். பிறகு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. ஜுரம் விட்ட ஆள் மாதிரி முகம் வேர்த்து, தோள் இறங்கி, பலகையில் சாய்ந்து சிரித்தார்.

“தலைக்கும் எண்டால் மூண்டு நிமிசம். இதழ் கருகி விறைச்சிருக்கும். ஓடேக்க ஒண்டு ரெண்டு பிஞ்சிருக்கும். மிச்சம் இழுக்கும், மெல்லமாத்தான் இழுக்கும்.” நீளமாக மூச்சு விட்டார். “அப்ப சரி. ஒண்டும் துலையேல்லை.”

“ஷூ?” என்றார் அர்பாப், என்ன, என்ன இது என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து. “ஷூ ஹாதா?”

“ஹலாஸ் அர்பாப். நஃபர் மவ்ஜூத்.”

போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினார். தெர்மோஸ்டாட் இல்லாமலே மூடினார், தண்ணீர் தடையில்லாமல் போகட்டும் என்று. பிறகு என்னைப் பின்னால் உட்கார வைத்தார்.

“மூத்திரத்தில கை வையுங்கோ. பொறுக்க ஏலாத சூடு வந்தால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். ஆறினாப் பிறகு ஓடுவம். மீற்றர் எல்லாம் வேண்டாம், உங்கட கை காணும்.”

அப்படித்தான் வந்தோம். கொஞ்ச தூரம், மனுஷன் நடக்கிற வேகம். என் உள்ளங்கையில் தண்ணீர் வெதுவெதுப்பாக, பிறகு டீ மாதிரி, பிறகு சுடுகிற மாதிரி. “போதும்” என்பேன். எஞ்சின் அணையும். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. கப்பல்கள் தொங்கும். அர்பாப் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பிறகு என் கையைப் பார்ப்பார். மறுபடி ஓட்டம். எத்தனை முறை என்று தெரியாது. ஒரு கட்டத்தில் வெயிலும் சூடும் உறைக்கவில்லை. என் கை வழியாகத்தான் அந்தப் படகு மூச்சு விடுகிறது என்று தோன்றியது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் ஆயுசில் ஒரு இடத்தை விட்டு எழுந்து போகத் தோன்றாத நேரம் அது ஒன்றுதான்.

கரை சேரும்போது மூன்று மணி. நான் போய்ப் படுக்கலாம் என்று பார்த்தேன். அவர் தட்டை எடுத்து வைத்தார். காலைக் கழற்றினோம். பூ கருகி மினுமினுத்தது. இரண்டு இதழின் நுனி இல்லை. ஒன்று குழாய் வாயிலேயே கிடைத்தது. மற்றதை நான்தான் தேட வேண்டும் என்றார். வெயில் தாழும்வரை தேடினேன். கம்பி நுனியில் கறுப்பாக அது வந்தபோது நான் வாய்விட்டுக் கத்தினேன். தட்டில் வைத்தார். பூ முழுசானது.

அர்பாப் வந்தார். நான் நினைத்தேன், இவர் எனக்காக ஏதாவது மறைத்துச் சொல்வார் என்று. அப்படிப்பட்ட ஆள் இல்லை. எல்லாத் துண்டையும் வைப்பவர் அதையும் வைத்தார். என்னைக் காட்டி, ஹோஸைக் காட்டி, தலையில் சோப்புத் தேய்ப்பது மாதிரி கையால் காட்டினார்.

“ஹாதா ஸாபூன், அர்பாப்.”

அர்பாப் என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். அவர் கொழும்பு டிக்கெட்டைப் பற்றிப் பிறகு பேசவில்லை. என்னையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கொட்டகை வரிசை முழுக்க எனக்குப் பேர் சோப்பு. பெங்காலிகள், மலையாளிகள், மீன் வாங்க வருகிறவர்கள். “சோப்பு பாய், குளிச்சாச்சா?” ஒருநாள் அர்பாப்பின் பேரன்கூட. எத்தனையோ இடத்தில் எத்தனையோ பட்டிருக்கிறேன், உறைத்ததில்லை. இது உறைத்தது. இவர் சொல்லியிருக்க வேண்டாம் என்று மனசில் ஒரு முள். ஒரு மாசத்தில் என் பாயைச் சுருட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

விசா அர்பாப்பிடம், நான் பர் துபாயில். மீனா பஜாரில் ஒரு துணிக்கடை. முதலாளி காயல்பட்டினத்து பாய். காகிதம் கேட்கவில்லை, மூட்டை தூக்கினால் போதும் என்றார். ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறந்த நேரம், சந்தின் முனையில் அவரைப் பார்த்தேன். கடை கடையாக ஏறி இறங்கி வந்தார்.

அவர் எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். என்னைவிடத் தெரிந்தவர் யார்? ஜெபல் அலியில் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஒருமுறை பார்ப்பார், “ம், இருக்கிறீங்கள்” என்பார், போய்விடுவார். தெரிந்தும், கால் தானாகப் பின்னால் போனது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினேன். போகிற போக்கில் முதலாளியிடம், “நான் இல்லன்னு சொல்லிருங்க பாய்,” என்றேன்.

“ஒரு ஆளைத் தேடிறன் பாய். புதுக்கோட்டை ஆள். கொஞ்சம் உயரம். சோப்பு எண்டு சொல்லுவினம்.”

“சோப்பா? நம்மகிட்ட துணிதான் வாப்பா.”

“இல்லை, ஆள்.”

“அப்படி யாரும் இல்லையே.”

மூட்டைக்கு அடியில் சந்து வழியாக அவர் கால் தெரிந்தது. நீல ரப்பர்ச் செருப்பு, கிரீஸ் ஏறிய நகம். அந்தக் கால் உடனே திரும்பவில்லை. ரொம்ப நேரம் நின்றது. எனக்கு எழுந்து நிற்க ஒரு நொடி போதும். நான் எழவில்லை.

“சரி. வந்தால் இதைக் குடுங்கோ.”

போன பிறகு மேசையில் பார்த்தேன். ஒரு சந்தன சோப்பு. உறை பிரிக்காதது.

“என்னடா இது, மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒத்தச் சோப்பத் தூக்கிட்டு வந்திருக்காரு?” என்றார் பாய். “ஓடிப்போய்ப் பாருடா, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவாரு.”

ஓடினேன். அப்ராப் படகு ஏறுகிற துறைவரை ஓடினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம், எல்லோரும் அவர் உயரம், எல்லோருக்கும் அதே நீலச் செருப்பு.

பிறகு என் காகிதம் சரியாவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சரியானதும் முதல் பஸ்ஸில் புஜைரா போனேன். கொட்டகையில் வேறு மெக்கானிக், ஒரு மலையாளி. ஓமான் பக்கம் எங்கேயோ போய்விட்டார் என்றான். சோஹார் என்றார்கள், மஸ்கட் என்றார்கள், சரியாகத் தெரியாது. தட்டைக் கொண்டு போய்விட்டாராம்.

“என்னப் பத்தி எதாச்சும் கேட்டாரா?”

“நிங்களானோ சோப்பு?” அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “துபாயில இருந்து யார் வந்நாலும் கேக்கும். போகிற தெவசமும் கேட்டு. சோப்பக் கண்டோ, சோப்பக் கண்டோன்னு.”

அவர் கணக்கில் காணாத ஆள் இப்போது இரண்டு: வீட்டில் ஒருவர், கடலுக்கு இந்தப் பக்கம் நான். அவர் எண்ணிவைத்த ஆட்களில் நானாகப் போய் ஒரு ஆளைக் குறைத்துவிட்டேன்.

இப்போது ஓமானில் இருக்கிறேன். பெட்டி தூக்குகிறேன், மீன் இறக்குகிறேன், வேலை கிடைக்கிற துறைமுகத்தில் கொஞ்ச நாள். ஒவ்வொரு இடத்திலும் எஞ்சின் கொட்டகைகளில் போய் நிற்பேன். ஓடுகிற எஞ்சினைப் பார்த்தால் கை தானாக அந்தப் பீச்சலுக்குப் போகும். பையன்கள் சிரிப்பார்கள். கிளம்பும்போது இப்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறேன், எங்கே போகிறேன் என்பதையும் சேர்த்து. சோப்பு உறை பிரிக்காமல் பெட்டியில் இருக்கிறது. சட்டைகளெல்லாம் அந்த வாசனை.

போன வாரம் மஸ்கட் பக்கத்து முத்ராத் துறையில் மன்னார்க்காரன் ஒருத்தன் படகேறினான். தெற்கே எல்லாத் துறைக்கும் போவானாம். அவனிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் தட்டில் ரப்பர்த் துண்டுகளை வைத்துக் கோத்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளைப் பார்த்தால் பேர் எல்லாம் கேட்க வேண்டாம், இதை மட்டும் சொன்னால் போதும் என்று.

“என்ன சொல்லோணும்?”

“சோப்பு மவ்ஜூத்.”